எல்லையோர உணவுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: குப்பை சேர்க்காமல் உண்டு திரும்புவது எப்படி?

கரிம்பனை (கொழிஞ்சாம்பாறை)

நம் சித்தூர் தாலுகாவில் (பாலக்காட்டுச் சித்தூரைச் சொல்கிறேன்) மறுபடியும் உணவுத் திருவிழாக் காலம் வந்துவிட்டது. பள்ளி மைதானம், பஞ்சாயத்துத் திடல் என்று கொட்டகைகள் எழுகின்றன. ராமசேரி இட்லி ஒரு பக்கம், மட்டை அரிசிக் கஞ்சியும் பயறும் ஒரு பக்கம், அட்டப்பாடிப் பெண்கள் கொண்டு வரும் வனசுந்தரிக் கோழி இன்னொரு பக்கம். தமிழும் மலையாளமும் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்பதைப் பார்ப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. அடுத்த நாள் காலையில் அந்த மைதானம் கிடக்கும் கோலத்தைப் பார்த்தால் அந்த மகிழ்ச்சி நிற்பதில்லை.

ஏற்பாட்டாளர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதிகள் இருக்கின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதலும் தடை. 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று நாள் முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவித்து, கழிவை எடுத்துச் செல்வதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும் என்று கேரளத்தில் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது. அவற்றை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இந்த இணைய விவாத இழையில் நான் கேட்பது, உண்ணப் போகிற நாம் என்ன செய்யப் போகிறோம் என்பதை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டு எதனால் ஆனது என்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தட்டில் என்ன மிஞ்சுகிறது என்பதைப் பற்றி மிகக் குறைவாகப் பேசுகிறோம். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. மக்களுக்கு விற்பனைக்கு வந்த உணவில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. விளைவித்த தண்ணீர், ஏற்றி வந்த டீசல், வேகவைத்த எரிவாயு எல்லாம் அந்தச் சோற்றோடு சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன. பிறகு காற்றுப் புகாத குப்பைக் குவியலுக்குள் அழுகி, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு ஆகிறது. பாக்கு மட்டைத் தட்டில் பாதிப் பிரியாணியை விட்டு எழுபவர், எவர்சில்வர் தட்டில் முழுதாக உண்பவரைவிடவும், ஏன், பிளாஸ்டிக் தட்டில் முழுதாக உண்பவரைவிடவும் பூமிக்கு அதிகச் சேதம் செய்துவிட்டுப் போகலாம்.

நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து போகத் திட்டமிடுகிறோம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பொள்ளாச்சிச் சந்தை

அண்ணா, நல்ல எண்ணம்தான். மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் பதிவு செய்கிறேன். கேரளத்தில் பசுமை விதிமுறை (நிகழ்ச்சிகளில் குப்பையைக் குறைக்கும் நடைமுறை) என்று மேடை போட்டுச் சொல்கிறார்கள். இரவானால் கழிவு ஏற்றிய லாரி எல்லை தாண்டி எங்கள் தோட்டத்து ஓரம் கொட்டிவிட்டுப் போகிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் மருத்துவக் கழிவைக் கொட்டி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகுதான் லாரி அனுப்பித் திரும்ப எடுத்துச் சென்றார்கள். திருவிழாக் குப்பை கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா?

இன்னொன்று. வீட்டிலிருந்து தட்டு கொண்டு போனால் கடைக்காரர் வாங்க மாட்டார். அளவு தெரியாது, சுத்தம் தெரியாது என்பார். சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் நம்மையே பார்ப்பார்கள்.

அடுப்படி (சித்தூர்)

நான் கேரளப் பெண்கள் சுயஉதவிக் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் அணியில் சமைப்பவள். திருவிழாக்களில் கடை போடும் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

பொள்ளாச்சித் தம்பி கேட்டதற்கு முதலில் பதில். தட்டு கொண்டு வருபவரை நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் எப்படிக் கொண்டு வருகிறீர்கள் என்பது முக்கியம். கூட்டம் நெருக்கும்போது பையைத் துழாவிப் பாத்திரம் எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் முந்தைய கடைக் குழம்பைத் துடைத்துவிட்டு நீட்டினால் எங்களுக்கும் கோபம் வரும், பின்னால் நிற்பவருக்கும் வரும். உலர்ந்த, வாய் அகன்ற, தட்டையான பாத்திரமாக இருக்கட்டும். எங்கள் கரண்டி அதன்மேல் படாமல் பரிமாற முடிய வேண்டும். அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். நாங்கள் தட்டைப் பார்த்துப் போடுவதில்லை, கரண்டிக் கணக்கில்தான் போடுகிறோம்.

இதைவிடப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது. "பாதி போதும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பரிமாறிய பிறகு சொன்னால் அதைத் திரும்பச் சட்டியில் போட முடியாது. திருவிழாவில் எல்லாவற்றையும் ருசி பார்க்கவேண்டும் என்ற ஆசை இயல்பானது. நான்கு பேர் வந்தால் நான்கு முழுத் தட்டு வாங்காமல் ஒன்று வாங்கிப் பகிருங்கள், பிடித்தால் மறுபடி வாருங்கள். எங்களுக்கு வியாபாரம் குறையாது. மீதி கிடந்து நாறும் பாத்திரத்தைக் கழுவும் வேலைதான் குறையும்.

கடை மூடும் நேரத்தில் வந்து "எல்லாம் தீர்ந்துவிட்டதா, இது என்ன திருவிழா" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நாங்கள் கூடுதலாகச் சமைக்கிறோம். சட்டி காலியாகிப் போவதுதான் நல்ல சமையல்காரிக்குப் பெருமை. தீர்ந்துவிட்டது என்றால் அடுத்த கடைக்குப் போங்கள், முகம் சுளிக்காதீர்கள்.

கல்பாத்திக் கரை

அக்கா சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். தேர்த் திருவிழாவின்போது அக்கிரகாரத் தெருக்களில் நடக்கும் விருந்துகளிலும் இதேதான்: முதல் பரிமாறலில் எல்லாவற்றையும் குவித்தால் இலையில் மிஞ்சும், கொஞ்சமாகப் போட்டுத் திரும்பத் திரும்ப வந்தால் மிஞ்சாது.

தட்டைப் பற்றி ஒரு கேள்வி. வாழை இலை இருக்கும்போது எவர்சில்வர் எதற்கு? இலை மாட்டுக்குப் போகிறது. கழுவத் தண்ணீர் வேண்டாம். நம் நிலத்தில் விளைவது. எனக்கு இது புரியவில்லை.

பெருமாட்டி வாசி

இலை மாட்டுக்குப் போவது உண்மை, இலை தனியாகச் சேர்ந்தால். திருவிழாவில் அது எப்போதும் தனியாகச் சேர்வதில்லை. இலையோடு ஊறுகாய்ப் பொட்டலமும், ஐஸ்கிரீம் கரண்டியும், குர்குரே உறையும் ஒரே தொட்டிக்குள் விழுகின்றன. பசு அதைப் பிரித்துத் தின்னாது. இலையை மடித்து அதற்குள் மற்ற குப்பையைச் சுருட்டி வைத்துவிட்டுப் போகும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது தண்ணீர் பற்றி. எங்கள் பஞ்சாயத்தில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. குளிர்பான ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று 2002 ஏப்ரல் 22 அன்று ஆதிவாசி மக்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். மயிலம்மா என்ற எரவாளர் இனத்துப் பெண் முன்னின்றார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. கிணற்று நீர் சமைக்கவும் குளிக்கவும் ஆகாமல் போனதற்காகப் போராடிய ஊர் இது. அந்த ஊரைச் சுற்றி நடக்கிற திருவிழாவில், ஒரு மடக்குக் குடித்துவிட்டு முக்கால் பாட்டில் தண்ணீரை மண்ணில் வைத்துவிட்டுப் போகிறார்கள். என் மனம் இதைத் தாங்குவதில்லை. வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டு வாருங்கள். தீர்ந்தால் கடைகளில் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்ட வெந்நீரோ சுக்குத் தண்ணீரோ கேட்டால் கொடுப்பார்கள். குளிர்பானத்துக்குப் பதில் நுங்கு இருக்கிறது, மோர் இருக்கிறது, இளநீர் இருக்கிறது. இளநீர் குடிக்க உறிஞ்சுகுழல் தேவையில்லை. அண்ணாந்து குடிக்கலாம்.

எவர்சில்வர் தட்டைக் கழுவத் தண்ணீர் செலவாகும் என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. மைதானத்தில் கழுவவே வேண்டாம். மிச்சம் வைக்காமல் உண்டு, விரலால் வழித்து, ஒரு பழைய துணியால் துடைத்து வைத்துவிட்டால் வீட்டில் மற்ற பாத்திரத்தோடு சேர்த்துக் கழுவலாம். ஒரு கிலோ அரிசி விளையச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று கணக்கிடுகிறார்கள். வீசும் சோற்றில் போகும் தண்ணீருக்கு முன்னால் தட்டு கழுவும் தண்ணீர் ஒன்றுமே இல்லை.

கல்பாத்திக் கரை

ஒப்புக்கொள்கிறேன். பிரித்துப் போட ஆள் நிற்கும் இடத்தில் இலை, மற்ற இடங்களில் சொந்தத் தட்டு. இது எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆய்வுக்கூடம் (பாலக்காடு)

காகிதக் கோப்பையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. காகிதம்தானே என்று நினைத்துப் பலர் தேநீர் வாங்குகிறார்கள். தேநீர் கசியாமல் இருப்பதற்கு அதன் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் சோதித்துப் பார்த்தார்கள். 85 முதல் 90 டிகிரிச் சூட்டில் 100 மில்லி திரவத்தை அதில் 15 நிமிடம் வைத்திருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன. காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக் கிடப்பதால் மறுசுழற்சிக்கும் எளிதில் ஆகாது, மக்கவும் மக்காது. தமிழ்நாட்டின் 2019 தடைப் பட்டியலில் இதுவும் இருக்கிறது. ஆளுக்கொரு டம்ளர் பையில் போட்டுக்கொண்டால் தொல்லை முடிந்தது.

துணிப்பை போலவே தோன்றும், நெய்யாமல் இழைகளை ஒட்டிச் செய்த பைகளையும் கவனியுங்கள். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை அது. நம் பழைய மஞ்சப்பையைத் துவைத்துத் துவைத்து ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் தொடங்கியபோது எங்கள் வீட்டில் மஞ்சப்பை ஏற்கெனவே ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

மூன்று பிள்ளைகளின் அம்மா (மீனாட்சிபுரம்)

எல்லாம் சரி. எப்படிப் போவது என்று யாரும் சொல்லவில்லையே. என் மாமியாருக்கு முழங்கால் வலி. கடைசிக் குழந்தைக்கு இரண்டு வயது. திருவிழா களைகட்டுவது இரவு ஏழு மணிக்கு மேல். திரும்பும்போது பஸ் கிடைக்காது. கார் எடுத்தால் குற்றவாளி போல ஆக்கிவிடாதீர்கள். தட்டு, டம்ளர், தண்ணீர், குழந்தையின் துணி இத்தனையையும் சுமந்துகொண்டு இடுப்பில் பிள்ளையோடு பஸ்ஸில் நின்று வர முடியுமா?

கரிம்பனை (கொழிஞ்சாம்பாறை)

அக்கா, உங்களைக் குற்றவாளி ஆக்கும் எண்ணம் எனக்கில்லை. முதியவரும் குழந்தையும் காரில் வருவதுதான் சரி. என் மனத்தாங்கல், ஒரே தெருவில் இருந்து ஒவ்வொருவராக ஏறி வரும் கார்களைப் பற்றியது. உங்கள் காரில் இன்னும் இருவருக்கு இடமிருந்தால் அது போதும். எங்கள் தெருவில் இளைஞர்கள் இருவருக்கு ஒரு பைக் என்று வரச் சம்மதித்திருக்கிறார்கள்.

பொள்ளாச்சிக்காரர்களுக்குக் கோபாலபுரம் வழியாகப் பஸ் இருக்கிறது, இரண்டு மாநிலத்துப் பஸ்களும் ஓடுகின்றன. பாலக்காடு, பொள்ளாச்சி ரயில் பாதை அகலப்பாதையாகி 2015இல் மறுபடி திறந்தது. கொல்லங்கோடு, முதலமடை வழிதான் போகிறது. ஆனால் ரயில்கள் குறைவு. நேரம் ஒத்துவந்தால் மட்டும் அதை நம்புங்கள்.

இரவுக் கூட்டத்துக்குப் பதிலாகத் திறந்தவுடன் போவதைப் பற்றி யோசியுங்கள். சமைத்தது சூடாக இருக்கும், வரிசை குறைவு, மாமியாருக்கு நாற்காலி கிடைக்கும், திரும்ப பஸ்ஸும் கிடைக்கும். பாட்டுக் கச்சேரி கிடைக்காது. அந்த இழப்பு உண்மைதான்.

மூன்று பிள்ளைகளின் அம்மா (மீனாட்சிபுரம்)

நான்கு மணிக்கே போகலாம் என்று வீட்டில் பேசிவிட்டேன். காரில் இருவருக்கு இடம் இருக்கிறது. பின்புறம் பாத்திரக் கூடையும் வைக்கலாம். பஸ்ஸில் வருபவர்கள் தட்டைச் சுமக்க வேண்டாம், என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

உரக்குழி (எலப்புள்ளி)

பொள்ளாச்சிச் சந்தை கேட்ட கேள்வி இழையில் அப்படியே நிற்கிறது: குப்பை கடைசியில் எங்கே போகிறது? அதைக் கேட்காமல் விட்டால் நாம் செய்வது எல்லாம் அரைகுறை.

நன்றாக நடத்தினால் எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிறேன். மக்காத குப்பையை, உள்ளாட்சிக்காக வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் எடுத்துச் சென்று தரம் பிரிப்பார்கள். மக்கும் குப்பையைத் தும்பூர்முழி முறையில் உரமாக்கலாம். கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகம் திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில் உருவாக்கிய முறை அது. நாலடிக்கு நாலடி, காற்றோட்டம் உள்ள தொட்டி. அடியில் சாணம், மேலே காய்ந்த சருகு, அதன்மேல் உணவுக் கழிவு, மறுபடி சாணம், சருகு என்று அடுக்கு அடுக்காகப் போட வேண்டும். காற்று உள்ளே போய்வருவதால் நாற்றம் இல்லை, மீத்தேனும் பெரிதாக உண்டாவதில்லை. உள்ளே வெப்பம் 70 டிகிரி வரை ஏறும். தொண்ணூறு நாளில் உரம்.

இதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று பிளாஸ்டிக். இன்னொன்று, நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள், சாம்பாரும் ரசமும் பாயசமும். நீர் அதிகமானால் அடுக்குக்குள் காற்று நுழையாது, அழுகி நாறத் தொடங்கும், புழு வைக்கும். ஆகவே குழம்பைத் தட்டில் தேங்க விடாதீர்கள். குழந்தைகளுக்குப் பாயசம் அரை டம்ளராக வாங்குங்கள்.

போவதற்கு முன்பு ஏற்பாட்டாளரைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கழிவை யார் எடுக்கிறார்கள்?" சரியாகச் செய்பவர் உடனே பெயர் சொல்வார். தடுமாறுபவர், நாலு பேர் கேட்டுவிட்டார்களே என்பதற்காகவாவது பஞ்சாயத்துக்கு நடப்பார். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் குப்பைமேடு எரிந்து நகரமே நாள்கணக்கில் புகையில் தவித்ததை மறக்கக் கூடாது. பொள்ளாச்சி நண்பரின் கோபம் நியாயமானது. எல்லைக்கு அந்தப் பக்கம் கொட்டினால் கண்ணுக்குத் தெரியாது என்ற நினைப்பை வேரோடு பிடுங்க வேண்டும்.

பொள்ளாச்சிச் சந்தை

நன்றி ஐயா. இதைத்தான் கேட்க விரும்பினேன். அழைத்துக் கேட்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு மலையாளம் தடையின்றி வரும்.

செங்கோட்டை வாசல்

தெற்கு எல்லையில் இருந்து ஒரு வார்த்தை. திருவனந்தபுரத்தில், பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு வைத்துப் பொங்கலிடும் ஆற்றுக்கால் கோயில் பொங்காலை முடிந்ததும் அடுப்புக்கு வைத்த செங்கற்களை மாநகராட்சி சேகரித்து ஏழைகளின் வீடு கட்டக் கொடுக்கிறது. அத்தனை இலட்சம் பெண்கள் கூடும் இடத்திலேயே இது முடிகிறது. 2015இல் கேரளத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளிலும் பசுமை விதிமுறையைக் கடைப்பிடித்தார்கள். உங்கள் மைதானம் அவற்றைவிடச் சிறியதுதானே. தயங்காதீர்கள்.

ஆய்வுக்கூடம் (பாலக்காடு)

பார்சல் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். வீட்டில் இருப்பவர்களுக்கு ராமசேரி இட்லி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுப்படி (சித்தூர்)

மூடி உள்ள சம்புடம் கொண்டு வாருங்கள், அடியில் வாழை இலைத் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். அந்த இட்லியை மண்பானை வாயில் நூல் வலை கட்டி, துணி விரித்து, விறகடுப்பில் வேகவைக்கிறார்கள். சாதாரண இட்லியைவிட அதிக நேரம் கெடாமல் இருக்கும். ஆனால் தேங்காய்ச் சட்னியைப் பார்சல் வாங்காதீர்கள். நம் பாலக்காட்டு வெயிலில் வீடு போய்ச் சேர்வதற்குள் புளித்துவிடும், அதுவும் குப்பைக்குத்தான் போகும். இட்லிப் பொடி வாங்கி, வீட்டில் தேங்காய் எண்ணெயில் குழைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இன்னொரு நாள் ராமசேரிக்கே போய் அங்கே உட்கார்ந்து உண்ணுங்கள். சில குடும்பங்கள்தான் அந்தத் தொழிலை இன்னும் விடாமல் பிடித்திருக்கின்றன. திருவிழா நாளில் மட்டும் வாங்கினால் அவர்களுக்குப் போதாது.

பொரித்த பலகாரம் வாங்கும்போது எண்ணெயைப் பாருங்கள். கறுத்து, நுரைத்து, புகைந்துகொண்டிருந்தால் வாங்காதீர்கள், காரணத்தையும் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் உண்டாகும் மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் எவ்வளவு கெட்டது என்று காட்டுபவை) 25 சதவிகிதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் விதி வைத்திருக்கிறது. அந்தப் பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் பயோடீசல் செய்பவர்களுக்கு விற்கலாம். எங்கள் அணி தனிக் கேனில் சேர்த்து வைக்கிறது. வடையைச் செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், அச்சு மை உணவில் ஏறும்.

பெருமாட்டி வாசி

எங்கள் பகுதியில் விளைந்தது எது என்று கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. மட்டை அரிசி, அட்டப்பாடி ராகி, சாமை, முதலமடை மாம்பழம். வெகு தூரத்தில் இருந்து ஐஸ்கட்டியில் வந்த பெரிய மீனைவிட இவற்றுக்கு இந்த மைதானத்தில் உரிமை அதிகம் என்பது என் எண்ணம். மீன் பிரியர்கள் மன்னிக்கவும்.

கரிம்பனை (கொழிஞ்சாம்பாறை)

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை திறந்தவுடன் போகிறோம். பொள்ளாச்சித் தம்பி முன்னதாகவே ஏற்பாட்டாளரிடம் கழிவைப் பற்றிக் கேட்டு இங்கே பதிவிடுவார். பாத்திரக் கூடை மீனாட்சிபுரத்து அக்காவின் காரில் வரும். ஒவ்வொரு குடும்பமும் முதலில் ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்து உண்பது, பிறகு வேண்டியதை மறுபடி வாங்குவது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் அவரவர் கொண்டு வர வேண்டும். என்னிடம் பெரிய தூக்குவாளி இருக்கிறது, அதில் சுக்குத் தண்ணீர் கொண்டு வருகிறேன்.

உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் டம்ளர்கள் இருந்தால் கூடுதலாகக் கொண்டு வாருங்கள். தேநீர்க் கடை ஓரத்தில் வைத்து, கேட்பவர்களுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கழுவ ஒரு வாளித் தண்ணீர் தருவதாக அடுப்படி அக்கா தொலைபேசியில் சொல்லிவிட்டார்.